கூட்டம் கூடாமல் நடந்த கூட்டு வன்முறை: யாழ்ப்பாணம், 1990 ஒக்டோபர் 30

1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணியளவில் விடுதலைப் புலிகளின் வாகனங்கள் ஒலிபெருக்கியோடு முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகர் தெருப் பக்கம் வந்தன. முஸ்லிம்கள் எல்லோரும் நண்பகலுக்குள் ஒஸ்மானியாக் கல்லூரிக்கு வர வேண்டும் என்று அறிவித்தார்கள். ஏதோ கூட்டம் நடக்கப்போகிறது என்று எண்ணித்தான் பலர் போனார்கள். அடுப்பில் உலையை வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அங்கே போனதும் சொல்லப்பட்டது இதுதான்: இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்விட வேண்டும். ஆளுக்கு 150 ரூபாயும் உடுக்கச் சில உடுப்பும் மட்டும் கொண்டுபோகலாம்.

ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. மேலிடத்து உத்தரவு என்ற அளவில் பேச்சு முடிந்தது. ஐந்து சந்திப் பக்கம் சோதனை நடந்தது. சங்கிலி, காப்பு, தோடு, கையிலிருந்த மிச்சப் பணம் எல்லாம் பறிக்கப்பட்டன. காணி உறுதியை எடுத்துவரக்கூட நேரமில்லாமல் வெளிக்கிட்ட குடும்பங்கள் ஏராளம். லொறியிலும் வானிலும் நடையுமாகக் கிளிநொச்சி தாண்டி வவுனியா வரை போனார்கள். அதன் பிறகு அனுராதபுரம், புத்தளம், கொழும்பு. மாரி தொடங்கியிருந்த காலம் அது.

அன்று மாலை யாழ்ப்பாண நகரத்தில் முஸ்லிம் குடும்பம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. பல தலைமுறையாக இருந்த ஒரு சமூகத்தை ஒரு பகலில் வெறுமையாக்கிவிட்டார்கள்.

இது யாழ்ப்பாணத்தில் தொடங்கிய கதையல்ல. ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதன் பிறகு மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவில் புலிகளின் கையிலிருந்த பகுதிகள். மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களிலிருந்து சனம் வள்ளங்களில் கல்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. வட மாகாணம் முழுவதிலும் ஏறத்தாழ 72,000 பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. மன்னாரிலிருந்து 38,000, யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்த்து 20,000, வவுனியாவில் 9,000, முல்லைத்தீவில் 5,000. இரண்டே கிழமையில் இத்தனை பேரும் வீடிழந்தார்கள்.

இலங்கையில் மதத்தையும் இனத்தையும் வைத்து நடந்த வன்முறைகளின் வரலாற்றில் இந்த நிகழ்வை எங்கே வைப்பது என்பதுதான் என் கேள்வி. பெரும்பாலும் இதை "புலிகள் செய்த தவறு" என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம். தவறு என்று சொன்னதும் அது இயக்கத்தின் கணக்கில் போய்விடுகிறது. எங்களுக்கு அதில் பங்கில்லை என்றாகிவிடுகிறது. அப்படி விட்டுவிட முடியாது என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு.

முன்பு நடந்தவை

நாட்டின் பழைய கலவரங்களைப் பார்த்தால் ஒரு வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. 1883 உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர்கள் தாக்கினார்கள். 1915 மே மாத இறுதியில், வெசாக் காலத்தில், கண்டியில் பள்ளிவாசல் ஒன்றின் முன்னால் ஊர்வலம் போவது பற்றிய தகராறு வெடித்து, சில நாட்களுக்குள் மேல் மாகாணம் வரை பரவியது. முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. ஊர்வலம், மேளம், வழிபாட்டிடம், அதன் பிறகு கூட்டம். 1958, 1977, 1983இல் தமிழர் மீது நடந்தவற்றில் மதச் சடங்கு பின்னுக்குப் போய், மொழியும் அரசியலும் முன்னுக்கு வந்தன. 1983இல் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்த கூட்டத்தைத் தமிழர்கள் மறக்கவில்லை. என்றாலும் அங்கேயும் தெருவில் ஒரு கூட்டம் இருந்தது.

1990 யாழ்ப்பாணத்தில் கூட்டமே இல்லை. எந்தத் தமிழனும் சோனகர் தெருவுக்குத் தீப்பந்தத்தோடு போகவில்லை. முதல் நாள் வரை பக்கத்துக் கடைக்காரரோடு தேத்தண்ணி குடித்தவர்கள்தான் அங்கே வாழ்ந்தார்கள். அயலவர்கள் அழுதார்கள், சிலர் ஒளித்துவைத்த பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்கிறோம் என்று திறப்பை வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. வெளியேற்றப்பட்டவர்களே இதைப் பல இடங்களில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்கள். அந்த நன்றியை எங்கள் நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால், யாழ்ப்பாணத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பேசியது ஒரே தமிழ். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் படித்தது வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும். இலங்கை சிவில் சேவைக்குள் போன முதல் முஸ்லிம் அவர். பின்னாளில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். ஒரு சைவப் பாடசாலை ஒரு முஸ்லிம் அறிஞரை வளர்த்தது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரே வகுப்பில் இருந்து படித்ததாலோ ஒரே கடையில் சாமான் வாங்கியதாலோ ஒரு சமூகம் பாதுகாப்பாக இருந்துவிடாது. யாழ்ப்பாணத்தில் நல்லுறவு இருந்தது உண்மை. அந்த உறவுக்குப் பின்னால் ஓர் அரசியல் உடன்பாடு இருக்கவில்லை என்பதும் உண்மை.

அந்த இடைவெளி பழையது. 1888இல் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர், அதாவது இந்த முஸ்லிம்கள், இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டுமே வேறு என்று வாதிட்டார். முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் தேவையில்லை என்ற முடிவுக்கு அது வழிவிட்டதால், முஸ்லிம்கள் தரப்பில் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதை மறுத்து எழுதினார். 1915இல் முஸ்லிம்கள் அடிவாங்கியபோது இராமநாதன் கைதான சிங்களத் தலைவர்களுக்காகக் குரல் கொடுத்தார். பிரித்தானிய அரசு இராணுவச் சட்டத்தின் கீழ் செய்த கொடுமைகள் பெரியவை, அவற்றை அவர் எதிர்த்தது நியாயம். ஆனால் கடை எரிந்தவனின் பக்கம் தமிழ்த் தலைமை நிற்கவில்லை என்ற நினைவு முஸ்லிம்களிடம் தங்கிவிட்டது. தமிழ்த் தேசியம் பின்னர் "தமிழ் பேசும் மக்கள்" என்று எல்லோரையும் சேர்த்துப் பேசியபோதும், சேர்க்கப்படுபவர்களிடம் கேட்டுச் சேர்த்ததாகத் தெரியவில்லை. 1981இல் முஸ்லிம் காங்கிரஸ் என்ற கட்சி உருவானது. 1988 வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் அது 17 ஆசனங்களை வென்றது. முஸ்லிம்கள் தங்கள் அரசியலைத் தாங்களே பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒரே தலைமை, ஒரே அமைப்பு என்று நின்ற ஓர் இயக்கத்துக்கு இது இடைஞ்சல்.

கிழக்கில் எரிந்த தீ

1990 யூன் மாதத்தில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. அந்த ஆண்டின் கோடை கிழக்கு மாகாணத்துக்கு மிகக் கொடியது. ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த ஆண்களும் சிறுவர்களும் நூற்றுக்கும் மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு கிழமை கழித்து ஏறாவூரில் குழந்தைகள், பெண்கள் உட்பட நூற்றுக்கு மேல். இரண்டையும் செய்தது புலிகள். மறுபக்கம், அரசு முஸ்லிம் இளைஞர்களுக்கு ஆயுதம் கொடுத்து ஊர்காவல் படையாக்கியது. வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டதில் அந்தப் படையினருக்குப் பங்கிருந்தது. செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் இராணுவம் தமிழ்க் கிராமத்தவரைக் கொன்று குவித்தது.

இங்கே அரசின் பங்கைச் சும்மா தொட்டுவிட்டுப் போக முடியாது. இரண்டு சிறுபான்மைச் சமூகங்களும் ஒரே நிலத்தில், ஒரே குளத்து நீரில் பயிர் செய்து வாழும் இடத்தில், ஒரு பக்கத்துக்கு மட்டும் துவக்கு கொடுப்பது என்பது தெரிந்தே செய்த காரியம். கிழக்கில் நடந்த பழிக்குப் பழி அந்தத் துவக்குகள் இல்லாமல் இந்த அளவுக்குப் போயிருக்காது.

வடக்கு வெளியேற்றத்துக்குக் காரணம் கேட்டால் மூன்று விளக்கங்கள் கிடைக்கும். முதலாவது, கிழக்கிலிருந்து வந்த பொறுப்பாளர்களின் அழுத்தம். கிழக்கில் முஸ்லிம்கள் அரசோடு நிற்கிறார்கள், வடக்கில் மட்டும் நிம்மதியாக இருக்கிறார்களே என்ற முறைப்பாடு என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இரண்டாவது, உளவு. இராணுவத்துக்குத் தகவல் போகிறது, ஆயுதம் ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம். மூன்றாவது, பொருள். போருக்குப் பணம் தேவைப்பட்ட காலத்தில் வியாபாரச் சமூகம் ஒன்றின் சொத்து.

முதலாவது விளக்கத்தை நான் ஓரளவு ஏற்கிறேன். ஆனால் அது அழுத்தத்தை விளக்குகிறதே தவிர முடிவை விளக்கவில்லை. காத்தான்குடியில் செத்தவர்கள் முஸ்லிம்கள். அந்தக் கொலைக்குப் பிறகு அவர்களின் கோபத்துக்குப் பயந்து, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி யாழ்ப்பாணத்தில் தையல் கடை வைத்திருந்தவரைத் துரத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை. உளவு விளக்கம் அதைவிடப் பலவீனமானது. பத்துப் பேர் மீது சந்தேகம் இருந்தால் பத்துப் பேரை விசாரிக்கலாம். பால்குடிக் குழந்தையையும் நடக்க மாட்டாத கிழவியையும் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றுவது விசாரணை அல்ல. இயக்கங்களில் தொடக்க காலத்தில் முஸ்லிம் இளைஞர்களும் சேர்ந்து போராடினார்கள், உயிரும் கொடுத்தார்கள். அவர்களின் தாய்மாரும் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள் என்பதை நினைக்க நெஞ்சு பொறுக்கவில்லை.

மூன்றாவதைத்தான் நாங்கள் பேசுவதில்லை. அதில்தான் எங்கள் பங்கு இருக்கிறது.

பிறகு நடந்தது

வெளியேற்றத்துக்கு முன்பும் பின்பும் வசதியான முஸ்லிம் வணிகர்கள் சிலர் பிடித்து வைக்கப்பட்டுப் பணம் கேட்கப்பட்டார்கள். சிலர் உயிரோடு திரும்பவில்லை. கடைகளிலும் வீடுகளிலும் இருந்த பொருட்களை இயக்கம் எடுத்து விற்றது. துணி, தளபாடம், தையல் மெஷின், இரும்புச் சாமான், சமையல் பாத்திரம். வாங்கியது யார்? யாழ்ப்பாணச் சனம்தான். பொருளாதாரத் தடை இருந்த காலம், எதுவும் கிடைக்காத காலம், மலிவாகக் கிடைத்ததை வாங்கினார்கள் என்று சொல்லலாம். எனக்கும் அந்தக் காலத்து நெருக்கடி தெரியும். என்றாலும் வாங்கியவருக்கு அது யாருடைய கட்டில் என்று தெரியும்.

அதன் பிறகு வருடக்கணக்காக ஓடு கழற்றப்பட்டது. நிலை, கதவு, யன்னல், மரங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. சோனகர் தெருவில் கூரை இல்லாத சுவர்களுக்குள் செடி முளைத்து மரமாகி நின்றதை 2002இல் பாதை திறந்தபோது வந்தவர்கள் பார்த்தார்கள். எல்லாம் ஷெல்லில் போனது என்று சொல்லுவதுண்டு. குண்டு விழுந்த வீடுகளும் இருந்தன. ஆனால் ஷெல் விழுந்தால் ஓடு உடையும். ஓட்டைக் கழற்றி அடுக்கிக் கொண்டுபோகாது.

இதனால்தான் இதைக் கூட்டு வன்முறை என்கிறேன். 1915இல் கூட்டம் முதலில் வந்தது, கொள்ளை சில நாட்களில் முடிந்தது. இங்கே கட்டளை முதலில் வந்தது, சமூகம் மெல்ல மெல்லப் பின்னால் வந்தது. கட்டளையைத் தடுக்க எவராலும் முடிந்திருக்காது. ஓராண்டுக்கு முன்பு, 1989 செப்டெம்பர் 21இல், வைத்திய கலாநிதி ராஜினி திராணகம யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். மனித உரிமைக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பை உருவாக்கியவர்களில் அவர் ஒருவர். வாய் திறந்தால் என்ன நடக்கும் என்று ஊருக்குத் தெரியும். அந்த அமைப்பினர் மறைந்திருந்தபடியே வெளியேற்றத்தைப் பதிவு செய்தார்கள். தமிழர் தரப்பிலிருந்து வந்த நேர்மையான முதல் சாட்சியங்களில் அது ஒன்று. ஆகவே அன்று மௌனமாக இருந்தவர்களை நான் குறைசொல்லவில்லை. பயம் போன பிறகும் தொடர்ந்த மௌனத்தைத்தான் சொல்கிறேன்.

சரி, இன்னொரு திகதியையும் பார்க்க வேண்டும். 1995 ஒக்டோபர் 30. இராணுவம் யாழ்ப்பாண நகரமும் அடங்கிய வலிகாமத்துக்குள் முன்னேறிக்கொண்டிருந்தபோது, அதே ஒலிபெருக்கிகள் வலிகாமத் தமிழர்களை உடனே வெளியேறச் சொன்னன. ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் மழையில், இருட்டில், நாவற்குழிப் பாலத்தை நோக்கித் தென்மராட்சிக்கு நடந்தார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து அதே நாள். "முஸ்லிம்களின் கண்ணீர்" என்று அன்று வழியில் பேசிக்கொண்டார்கள் என்று அந்த நடையில் இருந்த பலரும் சொல்லுவார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. பாலத்தில் நெரிபட்ட குழந்தைக்கு எந்தக் கணக்கும் தீர்க்கக் கிடையாது. ஆனால் அந்தப் பேச்சு ஒன்றைக் காட்டுகிறது: 1990இல் நடந்தது அநியாயம் என்று ஊருக்கு அப்போதே தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தோம் என்று எங்களால் சொல்ல முடியாது.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த ஊடகச் சந்திப்பில் வெளியேற்றம் பற்றிக் கேட்டபோது புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அதற்கு வருத்தம் தெரிவித்தார். தமிழர் தாயகம் முஸ்லிம்களுக்கும் உரியது என்றார்கள். சில நாளில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் புலிகளின் தலைவர் பிரபாகரனும் மீள்குடியேற்றம் உட்படச் சில விடயங்களில் உடன்பட்டுக் கையெழுத்திட்டார்கள். வருத்தம் தெரிவித்தது நல்ல விடயம். ஆனால் ஏன் செய்தோம் என்ற விளக்கம் அப்போதும் வரவில்லை, பறித்த சொத்து பற்றிப் பேச்சும் இல்லை.

திரும்பி வருதல்

2009க்குப் பிறகு பாதை நிரந்தரமாகத் திறந்தது. திரும்ப விரும்பியவர்கள் யாழ்ப்பாணத்தில் பதிந்தார்கள். ஆனால் 2012 குடிசன மதிப்பீட்டில் யாழ் மாவட்டத்தில் எண்ணப்பட்ட சோனகர் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். "அவர்களுக்குப் புத்தளம் பழகிவிட்டது, வர விருப்பமில்லை" என்று இங்கே எளிதாகச் சொல்கிறார்கள். கொஞ்சம் நின்று யோசித்தால் அது அவ்வளவு எளிதல்ல.

1990இல் போன ஒரு குடும்பம் இருபது வருடத்தில் நாலு குடும்பமானது. இங்கே இருப்பதோ இரண்டு, மூன்று பரப்புக் காணி, அதுவும் இடிந்த சுவரோடு. வீட்டுத் திட்டம் ஒரு காணிக்கு ஒரு வீடு என்று பார்க்கும். நாலு பிள்ளைகளில் எவருக்கு? இங்கே வந்து இருந்தால்தான் உதவி என்று அதிகாரிகள் சொல்வார்கள். வீடில்லாமல் எங்கே வந்து இருப்பது என்று அவர்கள் கேட்பார்கள். பிள்ளைகளின் படிப்பு புத்தளத்தில், உழைப்பு அங்கே, வாக்காளர் இடாப்பில் பெயர் அங்கேயா இங்கேயா என்ற இழுபறி வேறு. இங்கே பதிந்துவிட்டு அங்கே இருப்பவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். இரண்டு ஊரிலும் பாதிக் காலை வைத்திருக்கும் நிலைக்கு அவர்களைத் தள்ளியது யார் என்பதை அந்தப் பேச்சு மறந்துவிடுகிறது.

நாட்டுச் சூழலும் சேர்ந்துகொண்டது. 2014 அளுத்கம, 2018 திகன, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம் ஊர்கள் மீது நடந்த தாக்குதல்கள், அதன் பிறகு கொரோனாக் காலத்தில் ஜனாஸாக்களை, அதாவது இறந்த முஸ்லிம்களின் உடல்களை, எரித்த உத்தரவு. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்கள் தமிழ்க் குழந்தைகளும்தான். அந்த வலி தமிழ்ச் சமூகத்துக்குள் முஸ்லிம்கள் மீதான புதிய வெறுப்பாகத் திருப்பப்பட்டது. அந்தக் குண்டுவெடிப்புகளுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் குற்றத்துக்குச் சோனகர் தெருவில் கடை திறந்தவர் பதில் சொல்ல வேண்டும் என்ற பேச்சு வந்தபோது எனக்கு 1990தான் ஞாபகம் வந்தது. கிழக்கின் கணக்கை வடக்கில் தீர்க்கும் அதே பழக்கம்.

காணிப் பிரச்சினைக்கு மட்டும் சட்டத்தில் ஒரு வாசல் திறந்தது. இலங்கைச் சட்டப்படி மற்றவரின் காணியைப் பத்து வருடம் இடையூறில்லாமல் ஆண்டு அனுபவித்தால் உரிமை கோரலாம். இருபது வருடம் ஊருக்குள் வரவே முடியாதவருக்கு இந்த விதி எவ்வளவு பெரிய அநியாயம்! 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சிறப்பேற்பாடுகள் சட்டம் இதைச் சரிசெய்ய வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுத நடவடிக்கையால் தங்கள் காணிக்கு வழக்காட முடியாமல் போனவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது. இடம்பெயர்ந்த தமிழருக்கும் முஸ்லிமுக்கும் சிங்களவருக்கும் ஒரே சட்டம். ஆனால் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம்தான் தந்தது. உறுதி தொலைந்து, சாட்சிகள் இறந்து, வழக்கறிஞர் செலவுக்கு வழியில்லாமல் புத்தளத்தில் கூலி வேலை செய்யும் ஒருவருக்கு இரண்டு வருடம் எதற்கும் போதாது.

வெளியேற்றத்துக்காக எந்த நீதிமன்றத்திலும் எவரும் தண்டிக்கப்படவில்லை. உத்தரவிட்டவர்களில் பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை. ஆகவே நீதி என்று இந்த வழக்கில் மிச்சமிருப்பது பெரும்பாலும் எங்கள் கையிலுள்ள காரியங்கள்தான். மாநகர சபையில் வரிப் பதிவேடு இருக்கிறது, காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளின் பிரதி இருக்கிறது, 1990க்கு முந்திய வாக்காளர் இடாப்பு கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருக்கிறது. இவற்றை வைத்து யாருடைய வளவு எது என்று குறித்துக்கொடுக்க ஓர் உதவி மையம் நடத்தலாம். மத்தியஸ்த சபையில் தமிழ் அயலவர்கள் வந்து சாட்சி சொல்லலாம். எல்லை எது, கிணறு யாருக்கு, ஒழுங்கை எங்கே போனது என்று தெரிந்த அறுபது, எழுபது வயதுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். பங்கு பிரிக்க முடியாத சிறு காணிகளுக்கு நகரத்துக்குள் மாற்றுக் காணி கேட்டுத் தமிழ்ப் பிரதிநிதிகளே பாராளுமன்றத்தில் பேசலாம். அதைக் கேட்கும் பொறுப்பு முஸ்லிம் அரசியல்வாதிகளுடையது மட்டும் அல்ல.